ரவைத் தோட்டா ரீலோடிங் பிரஸ்ஸை வீட்டுப் பட்டறை மேசையில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டா உறையிலிருந்து பழைய பிரைமரை (அடி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) தள்ளிவிட்டுப் புதியதைப் பதித்து, வெடிமருந்து (இனி மருந்து), தக்கை, ரவை (சிறு உலோகக் குண்டுகள்) ஆகியவற்றை வரிசையாக இறக்கி, உறையின் வாயை மடித்து மூடும் கைக்கருவிதான் ரவைத் தோட்டா பிரஸ். அதை மேசையில் எப்படி உட்கார வைப்பது என்பது பற்றி மட்டுமே இந்தப் பக்கம். எந்த உறைக்கு எவ்வளவு மருந்து என்பது இங்கே இல்லை. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையை மட்டுமே அதற்குப் பாருங்கள். வீட்டில் தோட்டா நிரப்புவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் தனி உரிமம் வேண்டும், சில இடங்களில் அனுமதியே கிடையாது. அதை உறுதி செய்துகொண்ட பிறகு டிரில்லை எடுங்கள்.

பிரஸ்ஸே கனமாகத்தானே இருக்கிறது, மேசைமேல் சும்மா வைத்து வேலை செய்யக் கூடாதா?

கூடாது. கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது உங்கள் கை அடித்தட்டுக்கு வெளியே, முன்பக்கம் இருக்கிறது. அடித்தட்டின் முன்விளிம்பை ஊன்றிக்கொண்டு பிரஸ் முழுவதும் முன்னால் கவிழப் பார்க்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கை 15 கிலோ விசையில் அழுத்துகிறது, கை இருக்கும் இடம் முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே, பின்போல்ட்டுகள் அதே விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-ஐ 30-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 30 கிலோ வருகிறது. பின்பக்கத்து இரண்டு போல்ட்டும் சேர்ந்து அந்த அளவு மேல்நோக்கிய இழுப்பைத் தாங்க வேண்டும். பிரஸ்ஸின் சொந்த எடை அதில் கொஞ்சத்தைத்தான் குறைக்கும்.

மெக் 600 ஜூனியர் போல ஒரு நேரத்தில் ஒரே உறையைக் கையாளும் பிரஸ்ஸில் ஒரு தோட்டாவுக்கு ஐந்து நிலைகள், குறைந்தது ஐந்து இழுப்புகள். நூறு தோட்டா என்றால் குறைந்தது 500 இழுப்பு. போதாக்குறைக்கு, ரவை நிறைந்த குப்பி பிரஸ்ஸின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். போல்ட் இல்லாத பிரஸ் ஒருநாள் கவிழ்ந்தால் மருந்தும் ரவையும் பிரைமரும் ஒன்றாகத் தரையில் கிடக்கும்.

மேசை கொஞ்சம் ஆடினால் தோட்டாவில் உண்மையில் என்ன கெடும்?

வாய்மடிப்பின் ஆழம் மாறிவிடும், பிரைமர் சரியாகப் பதியாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. உறையை அழுத்தும் விசை பிரஸ்ஸின் தூணுக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. மேசைக்கு வந்து சேர்வது உங்கள் கையின் விசை மட்டும். கைப்பிடியை முட்டும்வரை முழுதாக இறக்கினால், மேசை ஆடினாலும் மடிப்பின் ஆழம் அதேதான்.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, கைக்குத் தெரியும் உணர்வு. ஆடும் மேசையில் கைப்பிடி முட்டியதா, மேசைதான் வளைந்ததா என்று கைக்குப் புரியாது. முழு இழுப்பு முடியும் முன்பே கை திரும்பிவிடும். மேலெழும்பி நிற்கும் பிரைமரும் அரைகுறையாக மூடிய வாயும் அப்படித்தான் வருகின்றன. பிரைமர் பதியும்போதும் தக்கை மருந்தின்மேல் உட்காரும்போதும் வழக்கமில்லாத தடை தட்டுப்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். அந்தத் தடையை உங்களுக்குச் சொல்வது கைதான். ஆட்டம் அதை மறைத்துவிடும்.

இரண்டாவது, மருந்தின் எடை. இந்தப் பிரஸ்கள் மருந்தை நிறுப்பதில்லை, கொள்ளளவால் அளக்கின்றன. பக்கவாட்டில் நகரும் அளவுப் பட்டையில் உள்ள குழியில் எவ்வளவு மருந்து அடைகிறதோ அவ்வளவுதான் உறைக்குள் விழும். மேசை அதிர்ந்தால் மருந்து குலுங்கி அடர்த்தியாக அமரும், எடை கூடும். ஒரு இழுப்பு மென்மையாகவும் அடுத்தது தடாலென்றும் போனால் இரண்டு தோட்டாவிலும் மருந்து ஒரே எடையாக இருக்காது. 12 கேஜ் (குழல் அளவு), 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்காவின் சாமி (துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர நிர்ணய) அமைப்பு வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ரைஃபிள் தோட்டாக்களின் வரம்போடு பார்த்தால் இது பல மடங்கு குறைவு. ஷாட்கன் குழலும் அதற்கேற்ற தடிமனில்தான் செய்யப்படுகிறது. ஆகவே மருந்தின் எடை சீராக விழுவதை அலட்சியப்படுத்த முடியாது. பிரஸ் ஓர் அளவுகருவி, மேசை அதன் அடிப்பாகம் என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எப்படிப்பட்ட மேசைப்பலகை வேண்டும்?

18 மி.மீ. பிளைவுட் இரண்டை மரப்பசை தடவி, 15 செ.மீ. இடைவெளியில் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கினால் 36 மி.மீ. கிடைக்கும். எந்தக் கைப்பிரஸ்ஸுக்கும் அது போதும். 38 மி.மீ. கனமுள்ள கெட்டி மரப்பலகையும் நல்லதுதான், ஆனால் பருவத்துக்குப் பருவம் அது கொஞ்சம் வளையும். பிளைவுட் அவ்வளவு வளையாது. துகள்பலகையைத் தவிர்த்துவிடுங்கள். போல்ட்டை இறுக்க இறுக்க வாஷர் அதற்குள் புதையும், சில மாதங்களில் துளை அகலமாகிவிடும். உள்ளே கூடாக இருக்கும் கதவுப்பலகையை மேசையாக்குவதும் வேண்டாம். தகர மேசை என்றால் மேல் தகடு மத்தளம்போல அதிரும். தகட்டுக்கு அடியில் முழு நீளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் கொடுத்த பிறகுதான் துளை போட வேண்டும்.

மேசையின் ஆழம் 60 செ.மீ. இருந்தால் வசதி. அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பதை எடுக்க பிரஸ்ஸின் மேலாகக் கை நீட்ட வேண்டியிருக்கும்.

இருக்கிற மேசை ஆடுகிறது. புதிதாகச் செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். எந்தத் திசையில் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். பிரஸ் வேலையில் விசை முன்பின்னாக வருகிறது. மேசை செய்பவர்கள் பின்பக்கம் மட்டும் குறுக்குச்சட்டம் அடிப்பார்கள். அது இடவல ஆட்டத்தைத்தான் நிறுத்தும். இரண்டு பக்கவாட்டிலும், முன்காலின் அடியிலிருந்து பின்காலின் தலைவரை சாய்வாக ஒரு சட்டம் போடுங்கள். 50 × 25 மி.மீ. மரச்சட்டம் போதும், ஆனால் இரு முனையிலும் ஆணிக்குப் பதில் போல்ட் போடுங்கள்.

அடுத்தது எடை. கீழ்த்தட்டு ஒன்று அமைத்து அதில் கனத்தை ஏற்றுங்கள். ரவைப் பை பொதுவாக 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ. நான்கு பைகளைக் கீழ்த்தட்டில் அடுக்கினால் 45 கிலோ ஆகிவிடும், தனி இடமும் தேட வேண்டாம்.

இன்னும் ஆடினால் மேசையின் பின்சட்டத்தைச் சுவரோடு பிணையுங்கள். செங்கல் சுவரில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டைச் செங்கல்லின் நடுவில் போடுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள பூச்சு பிடிக்காது. உள்ளே மரத்தூண் வைத்த சுவர் என்றால் தூணைத் தட்டிக் கண்டுபிடித்து, 8 × 75 மி.மீ. தலைப்பெருத்த ஸ்க்ரூவை அதில்தான் இறக்க வேண்டும். மேசைக்கால்களில் சக்கரம் இருந்தால், பூட்டுள்ள சக்கரமாகவே இருந்தாலும் சரி, கழற்றிவிடுங்கள்.

பிரஸ் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

மேசை உயரத்தைவிடக் கைப்பிடியின் உயரம்தான் முக்கியம். கைப்பிடி மேலே இருக்கும்போது தோளைத் தாண்டக் கூடாது. கீழே வரும்போது நீங்கள் குனியக் கூடாது. நின்று வேலை செய்பவருக்கு மேசைப்பலகை 91 முதல் 107 செ.மீ. வரை, உட்கார்ந்து செய்பவருக்கு 71 முதல் 81 செ.மீ. வரை பொதுவாகப் பொருந்தும். உங்கள் உயரத்துக்கு எது சரி என்று கண்டுபிடிக்க, மேசைமேல் பலகைத் துண்டுகளை அடுக்கி, பிரஸ்ஸை கிளாம்ப் போட்டு நிறுத்தி, காலி உறையை வைத்து முப்பது நாற்பது தடவை இழுத்துப் பாருங்கள். தோள் வலித்தால் உயரம் அதிகம், இடுப்பு வலித்தால் குறைவு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மருந்து விழும் நிலையில் உறையின் வாய்க்குள் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மருந்து விழாத உறையையும் இரண்டு தடவை விழுந்த உறையையும் கண்டுபிடிக்க அந்தப் பார்வைதான் வழி. அதற்காகக் கொஞ்சம் தாழ்வாக வைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

மேசையில் எந்த இடம் சரி? விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி?

மேசைக்காலுக்கு நேர் மேலே, அல்லது முடிந்த அளவு பக்கத்தில். இரண்டு காலுக்கும் நட்டநடுவில் பலகை அதிகம் வளையும். மூலையில் வைக்கத் தோன்றும், ஆனால் இருபுறமும் இடம் வேண்டும். மருந்தையும் ரவையையும் அளக்கும் பட்டை இடமும் வலமும் நகரும் பிரஸ்களுக்கு இரு பக்கமும் 20 செ.மீ. காலியாக விடுங்கள். இடப்பக்கம் காலி உறைகளுக்கும் வலப்பக்கம் முடிந்த தோட்டாக்களுக்கும் பெட்டி வைக்க அதற்கு மேலும் 30 செ.மீ. வேண்டும். இடக்கைக்காரர்கள் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

முன்விளிம்பு விஷயத்தில் பிரஸ்ஸுக்குப் பிரஸ் வேறுபாடு உண்டு. சிலவற்றில் கைப்பிடி கீழே வரும்போது மேசையின் மட்டத்துக்கும் கீழே போகும். அவற்றில் அடித்தட்டின் முன்விளிம்பு மேசை விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டும். மற்றவற்றை 3 முதல் 5 செ.மீ. உள்ளே தள்ளலாம். துளை போடும் முன் கிளாம்ப் போட்டு, முழு இழுப்பும் இழுத்து, விரல்மூட்டு மேசையில் இடிக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சுவருக்கும் குப்பிகளுக்கும் நடுவே கை நுழைய வேண்டும்; குப்பியைக் கவிழ்த்துக் காலி செய்யும் அளவு இடம் மேலேயும் இருக்க வேண்டும். தலைக்கு மேல் அலமாரி அடித்துவிட்டுக் குப்பியைக் கழற்ற முடியாமல் திண்டாடுவது அடிக்கடி நடக்கிறது.

மரஸ்க்ரூ போதாதா?

முதல் சில நூறு தோட்டாவுக்குப் போதும்போலத் தெரியும். ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது மரநார்தான். மேலும் கீழும் மாறி மாறி இழுபடும்போது நார் நைந்துபோகும், பிறகு எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. பலகையை முழுதாகத் துளைத்து, அடியில் வாஷரும் நட்டும் போட்டால் இழுப்பை மொத்தப் பலகையும் தாங்கும். அடியில் கை போகாத இடம் என்றால் மட்டும் ஸ்க்ரூ, அதுவும் குறைந்தது 38 மி.மீ. கெட்டி மரத்தில், அளவான முன்துளை போட்டு.

எந்த அளவு போல்ட், எவ்வளவு நீளம்?

அடித்தட்டுத் துளைக்குள் ஆட்டமில்லாமல் இறங்கும் மிகப் பெரிய போல்ட். பெரும்பாலான பிரஸ்ஸுக்கு அது 1/4 அங்குலம் அல்லது 5/16 அங்குலமாக இருக்கும். மெட்ரிக்கில் எம்6, எம்8. 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ., ஆகவே எம்6 அதில் லேசாக ஆடும். ஆனால் பிடித்து நிறுத்துவது இறுக்கம்தான் என்பதால் அது பிரச்சினையில்லை.

நீளத்துக்கு இப்படிக் கூட்டுங்கள்: அடித்தட்டின் கனம் 10, பலகை 36, வாஷர் 2, நைலான் உள்ள பூட்டு நட்டு 6 முதல் 8, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க 3. ஆக 57 முதல் 59 வருகிறது, 60 மி.மீ. போல்ட் வாங்கலாம். அடித்தட்டின் கனத்தை உங்கள் பிரஸ்ஸில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் 18 மி.மீ. பலகை இன்னொன்று வருமானால் 80 மி.மீ. வேண்டும்.

அடியில் போடும் வாஷர் அகலமானதாக, குறைந்தது 25 மி.மீ. விட்டம் உள்ளதாக இருக்கட்டும். முன்பக்கத்துத் துளைகள் பலகை விளிம்புக்கு 25 மி.மீ.-க்கும் குறைவான தூரத்தில் வந்தால், வாஷருக்குப் பதில் 40 × 5 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்றை இரண்டு போல்ட்டையும் இணைத்து அடியில் கொடுங்கள். போல்ட்டின் தலை மேலே, நட்டு கீழே. தலைகீழாகப் போட்டால் மேலே நீட்டியிருக்கும் மரையில் சட்டைக்கை மாட்டும்.

துளை போடும் வேலையை வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் பலகைக்கு அடியில் பாருங்கள்: இழுப்பறை, குறுக்குச்சட்டம், மின்கம்பி ஏதாவது துளை வரும் இடத்தில் இருக்கிறதா? இருந்தால் பிரஸ்ஸை இரண்டு விரல் நகர்த்துங்கள். பிரஸ்ஸில் மருந்து, ரவை, பிரைமர் எதுவும் இருக்கக் கூடாது. குப்பிகளைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

பிரஸ்ஸை இடத்தில் வைத்து இரண்டு கிளாம்ப் போடுங்கள். காலி உறையோடு முழு இழுப்பு இழுத்து, இடிபாடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அடித்தட்டுத் துளைக்குச் சரியாக இருக்கும் டிரில் பிட்டைக் கையால் துளைக்குள் இறக்கி, இரண்டு சுற்று சுற்றினால் பலகையில் நடுப்புள்ளி விழும். பென்சிலில் வட்டம் போடுவதைவிட இது துல்லியம்.

பிரஸ்ஸை எடுத்துவிடுங்கள். பலகைக்கு அடியில் ஒரு கழிவுக்கட்டையை இறுக்கிப் பிடிக்க வையுங்கள். இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் பிளைவுட் பிய்ந்து வரும். 3 மி.மீ. பிட்டால் முன்துளை, பிறகு எம்6-க்கு 7 மி.மீ., எம்8-க்கு 9 மி.மீ. பிட். டிரில்லுக்குப் பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டால் துளை சாயாது. 36 மி.மீ. பலகையில் துளை சாய்ந்தால் அடியில் வாஷர் தட்டையாக உட்காராது.

மரத்தூளை முழுவதும் துடைத்துவிட்டுப் பிரஸ்ஸை வைத்து, நான்கு போல்ட்டையும் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனரில் எதிரெதிர் மூலையாக இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும்: முதல் சுற்றில் பிடிக்கும் அளவு, இரண்டாவது சுற்றில் கால் திருப்பு.

இறுக்கியதும் கைப்பிடி முன்பைவிடக் கடினமாக நகர்கிறது. ஏன்?

அடித்தட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பலகை சமமாக இல்லாமல், நான்கு மூலையில் ஒன்று தொங்கலாக இருந்தால் போல்ட் அதைக் கீழே இழுக்கும். அடித்தட்டு வளைந்தால் தூண் சாயும். மேலே உள்ள கருவியும் கீழே உள்ள உறையும் ஒரே கோட்டில் இருக்காது. வாய்மடிப்பு நடுவில் விழாமல் ஒரு பக்கம் தள்ளி விழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வார்ப்பு அலுமினிய அடித்தட்டு என்றால் விரிசலே விடும்.

நான்கு போல்ட்டையும் தளர்த்துங்கள். ஒரு எழுதும் தாளை நான்காகக் கிழித்து ஒவ்வொரு மூலையின் அடியிலும் ஒரு துண்டைச் செருகி, பிரஸ் தன் எடையில் நிற்கும்போது ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மூன்று துண்டுகள் இறுகப் பிடித்துக்கொண்டு நான்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலைதான் தொங்குகிறது. அங்கே மெல்லிய தகடு வையுங்கள். குளிர்பானக் கேனில் வெட்டிய தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், ஒன்று இரண்டாக அடுக்கிப் பார்க்கலாம். நான்கு துண்டும் ஒரே மாதிரி பிடிக்கும்வரை அடுக்கிவிட்டுப் பிறகு இறுக்குங்கள். மறுபடி காலி உறையை இழுத்தால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

தகடு வைக்கும் முன் அடியில் ரவை எதுவும் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 7½ எண் ரவை ஒன்றின் விட்டம் 2.4 மி.மீ.; அடித்தட்டைச் சாய்க்க அது ஒன்றே போதும்.

வாடகை வீடு. அல்லது அதே மேசையில் வேறு வேலையும் உண்டு. நிரந்தரமாகப் பொருத்த முடியாது.

பிரஸ்ஸை ஒரு தனிப்பலகையில் நிரந்தரமாகப் பொருத்துங்கள், தனிப்பலகையை மேசையில் தற்காலிகமாகப் பொருத்துங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் 30 × 40 செ.மீ. துண்டு சரியாக இருக்கும். பிரஸ்ஸின் போல்ட் தலைகள் பலகையின் அடியில் முட்டாதபடி அந்தத் துளைகளை அடியில் 10 மி.மீ. ஆழத்துக்கு அகலமாக்கித் தலையைப் புதைத்து, நட்டை மேலே போடுங்கள். முன்பு சொன்ன தலை மேலே என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. நீட்டும் மரையில் தொப்பி நட்டு போட்டுவிட்டால் சட்டை மாட்டாது.

தனிப்பலகையை மேசையில் பிடிக்க, மேசையின் அடியிலிருந்து பல்லுள்ள டி-நட்டு நான்கை அடித்து ஏற்றி, மேலிருந்து கைப்பிடித்தலை உள்ள எம்8 போல்ட்டைத் திருகலாம். மேசையில் நான்கு சிறு துளை மட்டும் இருக்கும். அதுவும் கூடாது என்றால் நல்ல கனமான ஜி-கிளாம்ப் மூன்று: முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்துக் கிளாம்ப்பை விட்டுவிடாதீர்கள். இழுப்பு அதிகம் வருவது அங்கேதான். முன்பக்கம் மட்டும் இறுக்கிய பலகை பின்னால் துள்ளும்.

மடக்கு மேசைகள் அவசரத்துக்கு உதவும், ஆனால் அவற்றின் எடை போதாது.

லீ லோட்-ஆல் போன்ற எடை குறைந்த பிரஸ்ஸுக்கும் இவ்வளவு தேவையா?

இவ்வளவு கனமான மேசை தேவையில்லை. ஆனால் போல்ட் கட்டாயம் தேவை, அது இலேசானது என்பதால் இன்னும் அதிகமாகவே. அதன் அடிப்பாகம் பிளாஸ்டிக், ஆகவே ஸ்பேனரில் வலிந்து இறுக்கினால் பிளக்கும். தலைக்கு அடியிலும் ஒரு வாஷர் கொடுத்து, கையிறுக்கத்துக்குமேல் கொஞ்சம் மட்டும் திருகுங்கள்.

பழைய பிரைமர்கள் மேசையெங்கும் விழுகின்றன.

சில பிரஸ்களில் அவை தனிக் கிண்ணத்தில் விழும், சிலவற்றில் அடித்தட்டு வழியாகக் கீழே வரும். இரண்டாவது வகை என்றால், பொருத்தும் முன்பே அந்த இடத்துக்கு நேர் கீழே பலகையில் 25 மி.மீ. துளை ஒன்று போட்டு, ஒரு குழாய்த் துண்டைச் செருகி, கீழே மூடியுள்ள டப்பாவுக்கு விடுங்கள். டப்பாவில் ஒரு விரல் ஆழம் தண்ணீர் இருந்தால் தூள் பறக்காது. சுட்ட பிரைமரில் ஈயச் சேர்மங்களின் தூள் இருக்கிறது; மேசையில் கொட்டிக் கிடப்பதும் அதைக் கையால் வாரித் தள்ளுவதும் நல்லதல்ல.

ரவை சிதறி எல்லா இடத்துக்கும் உருள்கிறதே?

மேசையின் மூன்று விளிம்பிலும் 10 மி.மீ. உயரத்தில் மரப்பட்டி ஒட்டுங்கள். முன்பக்கம் மட்டும் கை இடிக்காதபடி 5 மி.மீ. போதும். பிரஸ்ஸுக்கு அடியில் விளிம்புள்ள தட்டு வைத்துப் பொருத்துபவர்களும் உண்டு. தகரத்தட்டு மெல்லியதாக இருந்தால் அடித்தட்டு அதன்மேல் நெகிழும், ஆகவே தட்டைப் பிரஸ்ஸின் வடிவத்துக்கு வெட்டிச் சுற்றிலும் வைப்பதே நல்லது.

சிந்திய மருந்தைச் சாதாரண வேக்வம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். உள்ளே மோட்டாரின் பொறி இருக்கிறது. மெல்லிய தூரிகையால் கூட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள், திரும்பக் குப்பியில் போடாதீர்கள். ஈயத் தூளுக்கு ஈரத்துணி. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த மேசையில் சாப்பாடோ காபியோ கூடாது.

தராசையும் அதே மேசையில் வைக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் எண் குதிக்கும். சுவரில் தனியாக அடித்த சிறு தட்டில், மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வையுங்கள். உறை தேய்க்கும் அதிர்வு இயந்திரம், அரைக்கல் மோட்டார் போன்றவையும் பிரஸ் உள்ள மேசையில் ஓடக் கூடாது. குப்பியில் உள்ள மருந்தை அவை அடர்த்தியாக்கிவிடும்.

விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தால் உங்கள் நிழலே உறைக்குள் விழும். வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கைப் பிரஸ்ஸின் மேலே, கொஞ்சம் முன்னால் வைத்து, மருந்து விழும் நிலையில் உள்ள உறையின் வாய்க்குள் வெளிச்சம் இறங்குமாறு திருப்புங்கள்.

வேலை நடக்கும்போது மேசையில் எவ்வளவு மருந்தும் பிரைமரும் இருக்கலாம்?

ஒரே ஒரு மருந்து டப்பா. இரண்டு வகை மருந்து ஒரே நேரத்தில் மேசைமேல் இருந்தால் குப்பியில் மாற்றி ஊற்றும் ஆபத்து இருக்கிறது. மாற்றி ஊற்றிய மருந்தைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கலந்துவிட்டால் மொத்தத்தையும் அப்புறப்படுத்த வேண்டியதுதான். பிரைமர் ஒரு தட்டு, அதாவது நூறு. மீதி அதன் சொந்த அட்டைப்பெட்டியில், வேறு இடத்தில் இருக்கட்டும். பிரைமரைக் கண்ணாடிச் சீசாவில் மொத்தமாகக் கொட்டி வைக்கவே கூடாது; ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

வீட்டில் மொத்தமாக வைத்திருக்கும் அளவுக்கு அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-யின் 495 விதி ஒரு கணக்குத் தருகிறது: புகையற்ற மருந்து அதன் சொந்த டப்பாவில் 20 பவுண்டு வரை, பிரைமர் 10,000 வரை. 20-க்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

வேலை முடிந்ததும் குப்பியில் மிஞ்சிய மருந்தை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்புங்கள். அடுத்த வாரம் குப்பியில் இருப்பது எது என்ற கேள்வியே எழக் கூடாது. சில மருந்துகள் குப்பியின் பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

நிலைமின்சாரத்துக்காகப் பிரஸ்ஸை எர்த் செய்ய வேண்டுமா?

புகையற்ற மருந்துத் துகள்மேல் கிராஃபைட் பூச்சு இருப்பதால் அது பொதுவாகப் பெரிய தொல்லை தராது. வறண்ட நாட்களில் துகள்கள் பிளாஸ்டிக் குப்பியிலும் இறங்குகுழாயிலும் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைக்கும், அதுதான் வழக்கமான தொந்தரவு. குழாயையும் குப்பியையும் நிலைமின் நீக்கும் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். பிரைமரைத் தொடும் முன் எர்த் செய்த இரும்பைத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் நல்லது. கருமருந்து (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) விஷயம் வேறு. அதை இந்தப் பிரஸ்களின் பிளாஸ்டிக் குப்பியில் போடவே கூடாது.

பொருத்தியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். அடித்தட்டும் பலகையும் சேரும் கோட்டில், பின்மூலையில், ஆள்காட்டி விரலைப் பாதி இரும்பிலும் பாதி மரத்திலும் படுமாறு வைத்துக்கொண்டு மற்றக் கையால் காலி உறையை இழுங்கள். இரும்பும் மரமும் தனித்தனியாக நகர்வது விரலுக்குத் தெரிந்தால் போல்ட் தளர்வு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால் பிரஸ் சரி, மேசைதான் ஆடுகிறது.

அடுத்தது மருந்து. குப்பியில் பாதிக்குமேல் மருந்து இருக்கட்டும். முதலில் பத்து அளவைப் போட்டு மீண்டும் குப்பியிலேயே ஊற்றிவிடுங்கள். மருந்து அமர அவ்வளவு தேவை. அதன்பின் பத்து அளவைத் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். உறை, தக்கை, ரவை எல்லாம் இருக்கும்படி வழக்கமான முழுச் சுற்றிலும் போகட்டும், ஆனால் மருந்து விழுந்ததும் எடுத்து நிறுங்கள். மேசையை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொரு பத்து. பிடித்துக்கொண்டபோது எண்கள் நெருங்கி வந்தால் மேசையைத்தான் இன்னும் கவனிக்க வேண்டும். நெருங்கி வராவிட்டால் மேசை குற்றமில்லை. கை இழுக்கும் வேகம், குப்பியில் மருந்தின் உயரம், பட்டையின் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். புஷிங் (பட்டையின் மருந்துக் குழிக்குள் மாற்றிப் போடும் அளவு வளையம்) அட்டவணையில் அச்சிட்ட எடையும் உங்கள் பிரஸ்ஸில் விழும் எடையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தராசு காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இறுக்கினால் போதுமா?

போதாது. புது மரம் வாஷருக்கு அடியில் அமுங்கும். முதல் நூறு தோட்டா முடிந்ததும் ஒருதடவை, ஐந்நூறு முடிந்ததும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு மழைக்காலம் முடிந்து மரம் காயும் சமயத்தில் ஒருமுறை. பூட்டு நட்டின் நைலானை நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும், அப்போது நட்டை மட்டும் புதிதாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் போல்ட் தலைமேலும் அடித்தட்டின்மேலும் சேர்த்து ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுத்து வைத்தால், அடுத்தமுறை கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.